லெமூரியாவில் வாழ்ந்ததால்தான் லெமூர் என்று பெயரா? – மடகாஸ்கர் விலங்கு பற்றிய இழை

பொன்னி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சென்ற வாரம் விலங்குப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது, கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட வாலுடன் ஒரு படம் வந்தது. "இது லெமூர், மடகாஸ்கர் தீவில் வாழ்வது" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "லெமூரியாவில் வாழ்ந்ததால்தான் இதற்கு லெமூர் என்று பெயரா, டீச்சர்?" என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்கு நாள்கள் ஆகிவிட்டன, அவன் தினமும் நினைவூட்டுகிறான்.

தேடிப் பார்த்தால் லெமூரியா என்ற, கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் கண்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது. அந்த விலங்கு என்ன தின்னும், எப்படிக் குட்டி வளர்க்கும் என்று நாலு வரி சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

காட்டுவழி

வணக்கம் டீச்சர். பெயர் போன திசை நேர்மாறானது. விலங்கிலிருந்துதான் கண்டத்துக்குப் பெயர் போயிற்று.

1864-இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். லெமூர்கள் மடகாஸ்கரில் நிறைந்திருக்கின்றன, அருகிலேயே இருக்கும் ஆப்பிரிக்காவில் அவற்றின் உறவினர் சிலவே, கடல் கடந்த இந்தியாவிலோ இன்னொரு உறவினர் இருக்கிறது. இது எப்படி என்று யோசித்தவர், இந்தியப் பெருங்கடலில் ஒரு நிலப்பரப்பு இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரட் வெகெனர் சொன்னது 1912-இல்தான். அதற்கு முன் இப்படி ஊகிப்பது அறிவியலுக்கு முரணான காரியம் அல்ல. நிலத்தட்டுகளின் நகர்வு உறுதியான பிறகு மூழ்கிய கண்டத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

விலங்குக்கு அந்தப் பெயர் வந்தது இன்னும் 100 ஆண்டுகளுக்கு முன்னால், உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் வைத்தது. பழைய ரோமானியர்கள் இரவில் வீட்டைச் சுற்றி அலையும் இறந்தோரின் ஆவிகளை 'லெமூரெஸ்' என்றார்கள். மே மாதத்தில் அவற்றை விரட்ட நள்ளிரவில் கறுப்பு அவரை விதைகளை எறியும் சடங்கு ஒன்று இருந்தது. அந்தச் சடங்கின் பெயரே லெமூரியா. ஸ்க்ளேட்டருக்கு 2000 ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சொல் இருந்திருக்கிறது!

தென்மதுரை

காட்டுவழி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. கடல் கொண்ட நாட்டைப் பற்றி நம் இலக்கியம் பேசுகிறது. "பஃறுளி ஆற்றுடன் பன்மலை அடுக்கத்துக் குமரிக்கோடும் கொடுங்கடல் கொள்ள" என்று சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. அதை ஒரு குரங்கின் பெயரோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். என் தந்தை எனக்குச் சொல்லிக் கொடுத்த வரி அது.

காட்டுவழி

தள்ளவில்லை ஐயா. சிலப்பதிகாரத்தின் வரிக்கு ஸ்க்ளேட்டரின் துணை தேவையே இல்லை என்றுதான் சொல்கிறேன். கடல் கொண்ட நிலத்தின் நினைவு ஒன்று, லெமூர் எப்படிப் பரவியது என்ற கேள்வி மற்றொன்று. 20-ஆம் நூற்றாண்டில் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள். அந்தக் கட்டில் நசுங்கியது விலங்குதான். தமிழில் லெமூர் என்றாலே கண்டம் என்று ஆகிவிட்டது.

ஒரு சிறு திருத்தம், லெமூர் குரங்கு இல்லை. குரங்கு, மனிதக்குரங்கு, மனிதன் எல்லாம் பிரைமேட் வரிசையில் ஒரு கிளை. லெமூரும் தேவாங்கும் மற்றொரு கிளை. ஈர மூக்கு, முகர்ந்தே உலகை அறியும் பழக்கம், கீழ்த்தாடையின் முன்பற்கள் சீப்பு போல முன்னுக்கு நீண்டிருப்பது, காலின் இரண்டாம் விரலில் மட்டும் சொறிவதற்கென்று ஒரு கூர்நகம், இவையெல்லாம் அந்தக் கிளைக்கு உரியவை. அந்தப் பற்சீப்பால்தான் ஒன்றுக்கொன்று முடி கோதிவிடும்.

கயல்விழி – மட்டக்களப்பு

இதில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, சொல்லட்டுமா? லின்னேயஸ் லெமூர் என்ற பெயரை முதலில் மனதில் வைத்தது மடகாஸ்கர் விலங்குக்காக அல்ல. இரவில் நடமாடும், மெல்ல அடியெடுத்து வைக்கும், ஓரளவு மனிதச் சாயல் உள்ளது என்று அவர் காரணம் எழுதியது தேவாங்கைப் பற்றி. இலங்கையின் செந்தேவாங்குக்கு அவர் 1758-இல் இட்ட பெயர் 'லெமூர் டார்டிகிராடஸ்'. மெதுவாக நடக்கும் லெமூர் என்று பொருள். பிற்பாடு தேவாங்கைத் தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். பகலில் வெயில் காய்கிற, துள்ளிக் குதிக்கிற வளையவாலிக்கு ஆவியின் பெயர் நிலைத்துவிட்டது.

கடவூர்க்காரன்

கயல்விழி அக்கா, இதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் கரட்டில் இருக்கும் தேவாங்குதானே இது!

காட்டுவழி

அதன் நெருங்கிய உறவு. உங்களுடையது சாம்பல் நிறத் தேவாங்கு. ஸ்க்ளேட்டர் சொன்ன "இந்தியாவில் இருக்கும் உறவினர்" அதுதான். ஒரு கண்டத்தையே கற்பனை செய்யவைத்த சாட்சி உங்கள் ஊர் வேலாமரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மருதன்

அப்படியானால் லெமூர் மடகாஸ்கருக்கு எப்படிப் போயிற்று? அந்தத் தீவு இந்தியாவோடு ஒட்டியிருந்தது என்று படித்திருக்கிறேன்.

காட்டுவழி

ஒட்டியிருந்தது தம்பி, ஆனால் மடகாஸ்கர் ஆப்பிரிக்காவை விட்டுப் பிரிந்தது ஏறக்குறைய 16 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா அதை விட்டு விலகியது ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். லெமூரின் மூதாதை அங்கே போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகு, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்போ சற்று அதிகமாகவோ. அப்போதே அது தீவு. ஆப்பிரிக்காவுக்கும் அதற்கும் நடுவில் 400 கிலோமீட்டர் கடல்.

ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம், மிதந்து போயின என்பதுதான். பெருமழையில் ஆற்றங்கரை சரிந்து, வேரும் மரமும் பின்னிக்கிடக்கும் ஒரு திட்டு அப்படியே கடலுக்குள் போகும். காவிரியில் வெள்ளம் வரும்போது ஆகாயத்தாமரைத் திட்டுகள் பாம்பு, தவளைகளோடு மிதந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். இன்று ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவிலுள்ள கடலின் நீரோட்டம் அதற்கு ஒத்துவராது. ஆனால் அன்று ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் இன்னும் தெற்கே இருந்தன, அவ்வப்போது நீரோட்டம் கிழக்கு நோக்கி வலுவாக ஓடியிருக்கும் என்று 2010-இல் கணினி வழியே கணக்கிட்டுக் காட்டினார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஓரிரு முறை நடந்தால் போதும். சில உயிர்கள் கரையேறின. போட்டிக்குக் குரங்கு இல்லை, பூனை இனம் இல்லை. அந்தச் சிலவற்றின் வழித்தோன்றல்கள்தான் இன்று 100-க்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரிந்திருக்கின்றன.

பொன்னி ஆசிரியை

இதை வகுப்பில் வரைந்தே காட்டிவிடுவேன். இனி விலங்கின் வாழ்க்கைக்கு வாருங்கள். படத்தில் வந்த வளையவாலியிலிருந்து தொடங்குங்கள்.

காட்டுவழி

பெரெண்டியிலிருந்து தொடங்குகிறேன். மடகாஸ்கரின் தென்கோடியில் மண்ட்ராரே என்ற ஆற்றின் கரையில் இருக்கும் சிறு காடு. சுற்றிலும் கற்றாழை நார்த் தோட்டம். தோட்டத்துக்கு உரிய பிரெஞ்சுக் குடும்பம் 1936 முதல் அந்தக் காட்டை வெட்டாமல் வைத்திருக்கிறது. 1963-இல் அலிசன் ஜாலி என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் அங்கே போனார். வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த விலங்குகளுக்கே கொடுத்தார். வளையவாலியைப் பற்றி நாம் அறிந்தவற்றுக்கு அடித்தளம் அவர் போட்டது.

அந்த ஆற்றங்கரைக் காட்டின் முதன்மையான மரம் எது தெரியுமா? புளிய மரம். நம் புளியேதான்! அங்கே 'கிலி' என்கிறார்கள். வளையவாலி வருடம் முழுவதும் அதை நம்பியே வாழ்கிறது. கொழுந்து வந்தால் கொழுந்து, பூத்தால் பூ, காய்த்தால் காய், பழுத்தால் பழம். வேறெதுவும் கிடைக்காத வறண்ட மாதங்களில் புளிதான் உயிர் காக்கும். எந்தக் கூட்டத்தின் எல்லைக்குள் எத்தனை புளிய மரம் என்பதில் குட்டிகளின் உயிரே அடங்கியிருக்கிறது.

ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் 10 முதல் 25 உயிர்கள். ஒவ்வொன்றும் இரண்டு கிலோவைச் சற்றுத் தாண்டும். குளிர்ந்த காலையில் முதல் வேலை வெயில் காய்வது. கால்களை விரித்து, கைகளை முழங்காலில் வைத்து, வெள்ளை வயிற்றைச் சூரியனுக்குக் காட்டி உட்காரும். சூரிய வழிபாடு செய்கிறது என்று முன்பு நம்பினார்கள். சூரியனிடமிருந்து சூட்டை இலவசமாக வாங்கிக்கொள்கிறது, அந்த அளவுக்குத் தின்பது மிச்சம்.

ஆண்களுக்கு மணிக்கட்டில் ஒரு சுரப்பி உண்டு. வாலை அதில் இழுத்து இழுத்துத் தேய்த்து, தலைக்கு மேலே தூக்கி எதிரியை நோக்கி ஆட்டும். கடியில்லாமல் நாற்றத்தாலேயே சண்டை முடியும், எதிரே நிற்பவன் மெல்லப் பின்வாங்கிவிடுவான். பருந்து நிழல் விழுந்தால் ஒரு குரல், தரையில் ஃபோசா வந்தால் வேறு குரல். ஃபோசா என்பது மரமேறும் ஊனுண்ணி, பூனை போலத் தோன்றினாலும் கீரிக்கு உறவு.

எல்லாவற்றையும்விட ஜாலியைத் திகைக்கவைத்தது வேறொன்று. அங்கே பெண்தான் எல்லாம். ஒரு சிறு பெண் லெமூர் வந்து கையை ஓங்கினால், பெரிய ஆண் கையில் இருக்கும் புளியங்காயை விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறான். மகள்கள் தாயோடு அதே கூட்டத்தில் இருக்கிறார்கள். ஆண்கள்தான் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகிறார்கள்.

மருதன்

ஏன் பெண் ஆதிக்கம்? வேறு விலங்குகளில் இது அரிது அல்லவா?

காட்டுவழி

கழுதைப்புலி போன்ற சிலவற்றில் உண்டு, ஆனால் ஒரு பெரும் குடும்பமே இப்படி இருப்பது அரிது. இதற்கு ஜாலியும் பிறகு பெட்ரீசியா ரைட் முதலான லெமூர் ஆய்வாளர்களும் சொன்ன காரணம் பசி. மடகாஸ்கரில் மழை நம்பமுடியாதது. ஒரு வருடம் பெய்யும், அடுத்த வருடம் பொய்க்கும், நடுவே புயல் வரும். வளையவாலி ஏப்ரல்–மே மாதங்களில் கூடும். ஒரு பெண் கருத்தரிக்க ஏற்ற நேரம் வருடத்தில் ஒரு நாளுக்கும் குறைவு. நாலரை மாதச் சுமை, செப்டம்பரையொட்டிக் குட்டி. அதாவது வறட்சியின் உச்சத்தில் தாய் வயிற்றிலும் மடியிலும் குட்டியைத் தாங்குகிறாள். மழை வந்து தளிர் பெருகும்போது குட்டி பால் மறக்கிறது. இந்தக் கணக்கு ஒரு மாதம் பிசகினாலும் குட்டி பிழைக்காது. கடும் வறட்சி ஆண்டுகளில் பெரும்பாலான குட்டிகள் செத்துப்போகின்றன. அப்படிப்பட்ட ஊரில் முதல் கவளம் தாய்க்குப் போய்ச் சேராத இனம் நிலைத்திருக்காது. முழு விளக்கமும் இதுவே என்று எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஆற்றங்கரையின் வறட்சியைப் பற்றி எவ்வளவு படிக்கிறேனோ அவ்வளவுக்கு எனக்கு இது பொருந்துவதாகவே படுகிறது.

பொன்னி ஆசிரியை

"முதல் கவளம் தாய்க்கு." என் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தீவுப்பயணி

தாமதமாக வருகிறேன். நான் வேலை நிமித்தம் மூன்று ஆண்டுகள் மடகாஸ்கரின் தலைநகர் அந்தனானரிவோவில் இருந்தவன். வளையவாலி பற்றி நண்பர் நன்றாகச் சொல்லிவிட்டார். நான் கிழக்கே போகிறேன், அங்கே மழைக்காடு.

அண்டாசிபே என்ற ஊர் தலைநகரிலிருந்து சில மணி நேரப் பயணம். விடியலில் பனிமூட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம். திடீரென்று மேலேயிருந்து ஒரு கூவல் எழுந்து, இறங்கி, இன்னொரு மரத்திலிருந்து அதற்குப் பதில் வந்தது. சங்கொலிக்கும் அழுகைக்கும் இடைப்பட்ட ஒன்று. அதுதான் இந்திரி, இன்று உயிரோடு இருக்கும் லெமூர்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. வால் ஒரு குட்டை முளைதான். ஒரு குடும்பம் சேர்ந்து பாடினால் 2 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். "இது எங்கள் காடு" என்று பக்கத்துக் குடும்பத்துக்குச் சொல்வது. மனித இசையில் உள்ளது போன்ற தாளக் கட்டு அந்தப் பாட்டில் இருப்பதாக 2021-இல் ஆய்வு வெளிவந்தது. கேட்டவன் என்ற முறையில் எனக்கு அதில் வியப்பில்லை.

ஊர் மக்கள் அதை 'பாபகூட்டு' என்கிறார்கள், மூதாதை என்ற பொருளில். தேனெடுக்க மரமேறியவனைத் தேனீ கொட்டி அவன் கீழே விழும்போது ஒரு இந்திரி தாங்கிப் பிடித்ததாக ஒரு கதை. அதனால் அதைக் கொல்வது 'ஃபாடி', முன்னோர் விதித்த விலக்கு. சட்டம் வருவதற்கு முன்பே அந்த விலக்கு அதைக் காத்திருக்கிறது. ஆனால் வெளியூரிலிருந்து குடியேறுபவர்களுக்கு அந்த விலக்கு இல்லை, பசி மட்டும் இருக்கிறது. மிருகக்காட்சி சாலையில் வைத்து வளர்க்கலாம் என்றால் இந்திரி கூண்டில் பிழைப்பதில்லை. காடு போனால் அதுவும் போய்விடும்.

கடவூர்க்காரன்

விலக்கு காப்பாற்றுவது போல விலக்கே கொல்வதும் உண்டா அண்ணா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் தேவாங்கு முகத்தில் விழித்தால் ஆகாது என்பார்கள். மாந்திரீகத்துக்கு என்று பிடித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. சிறுவயதில் ஒன்றைக் கல்லால் அடித்ததைப் பார்த்தேன். இன்றும் அது மனதை விட்டுப் போகவில்லை.

தீவுப்பயணி

உண்டு தம்பி. அய்-அய்.

இரவில் உலாவும். வௌவால் காது, அணில் போல வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பல், எலும்பும் தோலுமாக ஒரு நடுவிரல். அந்த விரலால் பட்டுப்போன கிளையைத் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்கும். உள்ளே புழு குடைந்த வெற்றிடம் எங்கே என்று ஒலியிலேயே தெரிந்துவிடும். பல்லால் மரத்தைத் துளைத்து, விரலை விட்டுப் புழுவைத் தோண்டி எடுக்கும். மடகாஸ்கரில் மரங்கொத்தி கிடையாது. அந்த வேலையை ஒரு லெமூர் எடுத்துக்கொண்டிருக்கிறது. பல ஊர்களில் அதைப் பார்த்தாலே சாவு வரும் என்று நம்பி அடித்துக் கொன்று வழியோரம் தொங்கவிடுகிறார்கள். எல்லா ஊரிலும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அதை முதலில் விவரித்து எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் சொன்னரா. அவர் பாண்டிச்சேரியில் வாழ்ந்தவர். நம் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இருப்பதும் அவர் பெயரே. அய்-அய் முதலில் அணில் வகையில் சேர்க்கப்பட்டது. பல்லைப் பார்த்தால் யார்தான் சேர்க்கமாட்டார்கள்!

காட்டுவழி

கடவூர் நண்பருக்கு ஒரு நல்ல செய்தி, தெரிந்தும் இருக்கலாம். 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம்.

கடவூர்க்காரன்

தெரியும் ஐயா. அறிவிப்பு வந்த அன்று ஊரில் பேசிக்கொண்டோம். இப்போது இரவில் அதன் சீழ்க்கை கேட்டால் பிள்ளைகளை வெளியே அழைத்து வந்து கேட்கச் சொல்கிறேன்.

மருதன்

இன்னும் இரண்டு செய்தி கேள்விப்பட்டேன், உண்மையா? ஒரு லெமூர் ஏழு மாதம் தூங்குமாம். ஒன்று விஷத்தையே தின்னுமாம்.

காட்டுவழி

இரண்டும் உண்மை.

தூங்குவது கொழுத்தவால் குள்ள லெமூர், மேற்கு மடகாஸ்கரின் உலர் காட்டில் இருப்பது. மழைக்காலத்தில் தின்று தின்று வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, வறட்சி தொடங்கியதும் மரப்பொந்துக்குள் போய்விடும். ஏழு மாதம் வரை வெளியே வராது. பனிநாட்டு விலங்குகள்தான் இப்படி உறங்கும் என்று நினைத்திருந்த உலகத்துக்கு, வெப்பமண்டலப் பிரைமேட் ஒன்றும் உறங்குகிறது என்று 2004-இல் தெரியவந்தது. பொந்து மதியம் சூடானால் உடலும் சூடாகிறது, இரவில் குளிர்ந்தால் உடலும் குளிர்கிறது. மூதாதைக்கும் இந்த வித்தை தெரிந்திருந்தால், மிதக்கும் மரத்தில் உணவில்லாமல் கடல் கடந்தது புரிந்துவிடும் என்று சிலர் கருதுகிறார்கள்.

விஷம் தின்பது பொன்மூங்கில் லெமூர். 1986-இல் ரனோமஃபானா காட்டில் பெட்ரீசியா ரைட் குழுவினர் கண்டறிந்தது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரைக் கிலோ மூங்கில் குருத்து தின்கிறது. அதிலுள்ள சயனைடு அந்த அளவுள்ள வேறொரு விலங்கைக் கொல்லத் தேவையானதைப் போல 12 மடங்கு. எப்படித் தாங்குகிறது என்பது இன்னும் முழுமையாகத் தெளியவில்லை. ரைட் அதோடு நிற்கவில்லை. அந்தக் காடு மரம் வெட்டுவோரிடம் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்து, அரசோடும் ஊர்களோடும் பேசி அலைந்தார். 1991-இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரைமேட்களிலேயே மிகச் சிறியது அங்கேதான் இருக்கிறது. பெர்த் அம்மையாரின் சுண்டெலி லெமூர், எடை 30 கிராம், ஒரு சிறு எலுமிச்சம்பழம் அளவு. 2000-இல் பெயரிட்டார்கள். பெர்த் ரகோதோசமிமனனா மடகாஸ்கரைச் சேர்ந்த ஆய்வாளர்.

தென்மதுரை

நான் பெயருக்காகச் சண்டை போட வந்தேன், விலங்கைப் பற்றிப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று கேட்கிறேன். இவ்வளவு அருமையான உயிர்களை வைத்துக்கொண்டு அந்த மக்கள் ஏன் காட்டை எரிக்கிறார்கள்?

தீவுப்பயணி

ஐயா, அங்கே வாழ்ந்ததால் இதற்குச் சற்று அழுத்தமாகவே பதில் சொல்கிறேன். அந்த மக்களை மட்டும் குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

மடகாஸ்கரில் மூன்று வேளையும் சோறு. கிழக்கு மலைச்சரிவில் வயல் கட்ட இடமில்லாதவன் காட்டை வெட்டி எரித்து, சாம்பலில் மலைநெல் விதைக்கிறான். அதற்கு 'தாவி' என்று பெயர். சில வருடங்களில் மண் சோர்ந்துவிடும், அடுத்த துண்டுக்குப் போவான். ஆட்கள் குறைவாக இருந்த காலத்தில் மண் மறுபடி தேறியது. இன்று அதற்கு அவகாசம் இல்லை. வீடுகளில் அடுப்பு எரிவது விறகிலும் கரியிலும். 1896 முதல் 1960 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் காப்பிக்கும் மரத்துக்குமாக அழித்த காடு எவ்வளவு! கருங்காலியும் ஈட்டி மரமும் யாருடைய வீட்டு மேசையாகப் போயின?

அலவோத்ரா ஏரிக்குப் போனேன். அங்கே நாணல் புதரிலேயே வாழும் ஒரு லெமூர் இருக்கிறது, பந்த்ரோ. உலகில் அந்த ஏரியைத் தவிர வேறு எங்கும் இல்லை. அந்த ஏரிப்படுகைதான் நாட்டின் நெற்களஞ்சியமும். ஒவ்வொரு வருடமும் நாணலை எரித்து வயலை உள்ளே தள்ளுகிறார்கள். அந்த வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் நான் என்ன சொல்ல முடியும்?

ஆனால் அம்பலவாவு அருகே அஞ்சா என்ற இடத்தையும் பார்த்தேன். ஊர்க்காரர்களே 2001-இல் ஒரு பாறைக்காட்டைக் காக்கத் தொடங்கினார்கள். பார்க்க வருவோர் தரும் கட்டணம் ஊருக்கே போகிறது. வளையவாலிகள் பாறை மேல் கூட்டம் கூட்டமாக வெயில் காய்கின்றன. வழிகாட்டியாக வந்த இளைஞர் ஒவ்வொரு கூட்டத்தின் தலைவியையும் காட்டி, அவளுடைய தாய் எது, மகள் எது என்று சொன்னார்.

காட்டுவழி

நிலைமையின் கனத்தை மறைக்கக் கூடாது என்பதால் இதையும் பதிகிறேன். 2020 ஜூலையில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில், 107 லெமூர் இனங்களில் 103 அச்சுறுத்தலில் இருக்கின்றன. 33 இனங்கள் அழிவின் விளிம்பில். மனிதர்கள் தீவுக்கு வந்த பிறகு குறைந்தது 17 இனங்கள் ஏற்கெனவே மறைந்துவிட்டன. எல்லாமே இன்றுள்ளவற்றைவிடப் பெரியவை, ஒன்று ஆண் கொரில்லா அளவு. பெரிய விதைகளை விழுங்கிப் பரப்பியவை அவை. அவற்றை நம்பியிருந்த மரங்கள் சில இன்றும் நிற்கின்றன, விதையைச் சுமந்து செல்ல ஆளில்லாமல்.

பொன்னி ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. இன்று பாடம் எடுத்தேன். எங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு புளிய மரம் இருக்கிறது, வகுப்பை அதன் அடியில் வைத்தேன். கொழுந்தைப் பறித்து ஆளுக்கு ஒரு வாய் தின்றுகொண்டே கேட்டார்கள். "வறட்சியில் இதை மட்டும் தின்று பால் கொடுக்க முடியுமா?" என்று ஒரு பெண் கேட்டாள், அதன்பின் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. முதலில் கேள்வி கேட்ட மாணவன் ஆவி, தேவாங்கு, ஸ்க்ளேட்டர் என்று வரிசை பிசகாமல் திருப்பிச் சொன்னான். தென்மதுரை ஐயாவின் சிலப்பதிகார வரியையும் சொன்னேன், தமிழ் ஐயாவிடம் போய்ப் பொருள் கேட்டுவிட்டு வந்திருக்கிறான்.

இப்போது அவனிடம் புதிய கேள்வி. செப்டம்பரில் பிறந்த குட்டி தாயின் வயிற்றில் தொங்குமா, முதுகில் ஏறுமா?

காட்டுவழி

முதல் இரண்டு வாரம் வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும் டீச்சர். பிறகு முதுகுக்கு மாறிவிடும்.